டர்போ கிட் வாங்கும் முன் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் புதுக் கம்ப்யூட்டர் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டும் வந்ததல்ல. பெரிய தொகை கையை விட்டுப் போகும் முன் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்தால், அது உங்கள் பணத்தைக் காப்பாற்றும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். என் அக்கா குடும்பம் திருவள்ளூரில் இருக்கிறது. அக்கா மகனும் சிப்காட்டில்தான் வேலை செய்கிறான். பெரியபாளையம் வழியாகத் தினமும் காரில் வந்து போகிறான். பழைய 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட். அவனுக்கு அது கார் அல்ல, குதிரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். "மாமா, கம்ப்யூட்டரை ஆன் பண்ணுங்க. ஒரு டர்போ கிட் பார்த்து வெச்சிருக்கேன். எல்லாமே பெட்டிக்குள்ள வருது. எண்பதாயிரம்தான். உங்க கார்டுல போட்டுடுங்க, ஓவர்டைம் பணம் வந்ததும் தந்துடறேன்" என்றான்.

விளம்பரத்தைப் பார்த்தேன். டர்போ, மேனிபோல்டு, இன்டர்கூலர், ஹோஸ்கள், கிளாம்புகள், பளபளக்கும் ஒரு வால்வு. கீழே பெரிய எழுத்தில்: 0.4 பார் பூஸ்ட், 150 குதிரைத் திறன்! ஸ்விஃப்ட் 1.2 இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போது கொடுப்பது சுமார் 84. ஒரே வாரத்தில் 150 ஆகிவிடுமாம்.

"கார்டு இருக்கட்டும். முதலில் எக்ஸெல்லைத் திற" என்றேன்.

டர்போ என்ன செய்கிறது?

பெட்ரோல் எரிய காற்று வேண்டும். அதிகக் காற்றை உள்ளே தள்ளினால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம், அதிக சக்தி கிடைக்கும். டர்போ என்பது ஒரே தண்டில் இரண்டு சக்கரங்கள். ஒன்றை சைலன்ஸருக்குப் போகும் சூடான புகை சுற்றுகிறது. அந்தச் சுற்றில் மற்றொன்று காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃப்ரெட் பூஷி இந்தக் கருத்துக்கு 1905ல் காப்புரிமை பெற்றார். நம் நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளிலும், ஆலைகளில் நிற்கும் பெரிய ஜெனரேட்டர்களிலும் இருப்பது இதே டர்போதான்.

என் வேலையே ஏர் கம்ப்ரஸரோடுதான். காற்றை அமுக்கினால் அது சூடாகும் என்பது எங்கள் ஆலையில் புதிதாகச் சேரும் பயிற்சிப் பையனுக்கும் தெரியும். கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் பைப்பில் தெரியாமல் கை வைத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்! டர்போ விற்பவர்கள் இந்தச் சூட்டைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.

நான்கு வரிக் கணக்கு

நீங்களும் கூடவே செய்து பாருங்கள். எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். ஒரு கட்டத்தைக் கிளிக் செய்து = குறியுடன் தொடங்குங்கள். பெருக்கலுக்கு *, வகுத்தலுக்கு /, அடுக்குக்கு ^ (ஷிப்ட் கீயை அழுத்தியபடி 6). கடைசியில் என்டர்.

முதல் கணக்கு காற்று. இந்த இன்ஜின் 1.2 லிட்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை இழுக்கிறது. 6000 சுற்றில் ஓடும்போது முழுக் கொள்ளளவும் நிரம்பாது. 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். =1.2*6000/2*0.85 என்று டைப் செய்து என்டர் தட்டினால் 3060 வரும். நிமிடத்துக்கு 3060 லிட்டர் காற்று. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.15 கிராம். ஆக, நிமிடத்துக்கு மூன்றரை கிலோ காற்று.

இரண்டாவது கணக்கு சூடு. வெளியே 35 டிகிரி. இந்த வகைக் கணக்குகளில் 273 கூட்ட வேண்டும், 308. பூஸ்ட் 0.4 பார் என்றால் வெளிக்காற்றைப் போல 1.4 மடங்கு அழுத்தம். டர்போவின் திறன் 70 சதவீதம் என்று தாராளமாகவே வைப்போம். =308*(1.4^0.286-1)/0.7 என்று டைப் செய்யுங்கள். 44 வரும். 35 டிகிரியில் உள்ளே போன காற்று 79 டிகிரியில் வெளியே வருகிறது. மட்டமான காப்பி டர்போ என்றால் 0.7க்குப் பதில் 0.55 போட்டுப் பாருங்கள். 90ஐத் தாண்டிவிடும்.

மூன்றாவது கணக்கு சக்தி. சூடான காற்று விரிந்து லேசாகிவிடும். இன்டர்கூலர் அதை 50 டிகிரிக்கு இறக்கித் தருகிறது என்று வைப்போம். =1.4*308/323 என்று போட்டால் 1.335. முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகக் காற்று, அவ்வளவுதான். 84ஐ 1.335 ஆல் பெருக்கினால் 112. இன்டர்கூலர் இல்லாவிட்டால் 103.

"மாமா, 150 போட்டிருக்காங்களே?" என்றான் பையன்.

திருப்பிக் கணக்குப் போட்டோம். 150 குதிரைத் திறன் வேண்டுமென்றால், நல்ல இன்டர்கூலர் இருந்தாலும் ஏறக்குறைய 0.9 பார் பூஸ்ட் வேண்டும். விளம்பரம் சொல்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! ஒன்று, 0.4 என்பது பொய். அல்லது 150 என்பது பொய். இரண்டில் எது பொய்யாக இருந்தாலும், அந்தக் கடையில் நான் ஒரு ஸ்பேனர்கூட வாங்க மாட்டேன்.

காரின் கம்ப்யூட்டருக்குத் தெரியாத காற்று

நான்காவது கணக்கு பெட்ரோல். என் கருத்தில் கிட் வாங்குவதில் முக்கியமான இடம் இதுதான். டர்போ போட்ட இன்ஜினுக்கு முழு வேகத்தில் காற்றோடு இன்னும் தாராளமாகப் பெட்ரோல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சூடு எல்லை மீறும். டர்போ இல்லாதபோது சுமார் 12.8 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ பெட்ரோல் என்றால், டர்போவோடு 11.5 கிலோவுக்கு ஒன்று என்று வைப்போம். நிமிடத்துக்கு 275 கிராம் பெட்ரோல் போய்க்கொண்டிருந்த இடத்தில் இனி 410 கிராம் போக வேண்டும். ஒன்றரை மடங்கு. போதாததற்கு இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. அதே அளவு காற்றுக்கு எத்தனால் அதிகமாகச் செலவாகும்.

இந்தக் கூடுதல் பெட்ரோலை யார் ஊற்றுவது? இன்ஜெக்டர். அதற்கு உத்தரவு கொடுப்பது யார்? காரின் கம்ப்யூட்டர், அதாவது இ.சி.யு. அது சென்சார்கள் சொல்வதைக் கேட்டு வேலை செய்கிறது. ஸ்விஃப்ட் போன்ற கார்களில் மேனிபோல்டில் இருக்கும் அழுத்த சென்சார்தான் அதன் கண். டர்போ இல்லாத காருக்காகச் செய்த சென்சார் என்பதால், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் படிக்க வேண்டிய தேவை அதற்கு இருந்ததில்லை. நூறு கிலோ வரை மட்டும் காட்டும் தராசில் நூற்று நாற்பது கிலோ மூட்டையை வைத்தால் என்ன ஆகும்? முள் நூறிலேயே நிற்கும். கம்ப்யூட்டரும் நூறு கிலோவுக்கான பெட்ரோலைத்தான் கொடுக்கும்.

ஸ்பார்க் கதையும் இதுதான். அமுக்கிய சூடான காற்றில் ஸ்பார்க்கைச் சற்றுத் தாமதமாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம்.

பையன் பார்த்து வைத்திருந்த கிட்டில் புது இ.சி.யு. இல்லை. பெரிய இன்ஜெக்டர் இல்லை. புது அழுத்த சென்சார் இல்லை. இருந்ததெல்லாம் இரும்பும் ரப்பரும். பிராசஸர் இல்லாத கம்ப்யூட்டரை கேபினெட் அழகாக இருக்கிறதென்று வாங்குவீர்களா?

1962லேயே கற்ற பாடம்

டர்போ கார் புதிதல்ல. அமெரிக்காவில் 1962ல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற கார் டர்போவோடு வந்தது. அதன் இன்ஜின் அழுத்த விகிதம் 10.25க்கு 1. டர்போ இன்ஜினுக்கு இது அதிகம். நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அதை நிரப்ப மறந்தார்கள். தொல்லை தாங்காமல், டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித்தர கம்பெனியே முன்வந்தது.

நம் ஊரின் டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் கார்களில் பலவற்றின் அழுத்த விகிதமும் 10 முதல் 12 வரை இருக்கும். மைலேஜ் கிடைப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதன் தலையில் டர்போவையும் ஏற்றுவது, நிரம்பிய பஸ்ஸில் இன்னும் நாற்பது பேரை ஏற்றுவது போலத்தான். 2017ல் வந்த பலேனோ ஆர்.எஸ். காரிலும் 10க்கு 1 இருந்ததே என்று சிலர் கேட்பார்கள். அந்த இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. அதனால் உள்ளே காற்று குளிர்கிறது. அப்படியும் கம்பெனி அதிலிருந்து எடுத்தது 102 குதிரைத் திறன்தான்.

திருவள்ளூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. திருவள்ளூர் அருகே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லேன்சர் தயாரானது. அதே தலைமுறை லேன்சரை வைத்து ஜப்பானில் எவல்யூஷன் என்ற பந்தயக் குதிரையைச் செய்தார்கள். டர்போவை மட்டும் வாங்கி ஒட்டினார்களா? இல்லை. இன்ஜின் வேறு, 2 லிட்டர். அழுத்த விகிதம் 8.8க்கு இறங்கியது. நான்கு சக்கரத்துக்கும் சக்தி போனது. 1998ல் வந்த ஐந்தாவது எவல்யூஷனில் பிரெம்போ பிரேக்கும் சேர்ந்தது. பெயர் ஒன்று, கார் வேறு. கம்பெனிக்கே இவ்வளவு தேவைப்பட்டது என்றால், எண்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியில் எவ்வளவு இருக்கும்?

"பட்டறையில் செஞ்சுக்கலாம் மாமா"

சிப்காட்டைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. இங்கே லேத் பட்டறை, வெல்டிங், பவுண்டரி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். "மேனிபோல்டை நம்ம பட்டறையிலேயே வெல்டு பண்ணிக்கலாம்" என்ற எண்ணம் வராமல் இருக்காது. நானும் பட்டறைக்காரன்தான். அதனால் சொல்கிறேன். சைலன்ஸர் மேனிபோல்டு சிவக்கச் சிவக்கச் சூடாகி, மறுபடி குளிரும். டர்போவின் எடையும் அதிலேயே தொங்கும். சாதாரணக் குழாயில் அவசரமாகப் போட்ட வெல்டு இதில் விரிசல் விடும். டர்போவுக்குப் போகும் ஆயில் லைனில் கசிவு வந்து சூடான மேனிபோல்டில் சொட்டினால், அப்புறம் தீயணைப்பு வண்டிதான். நல்ல வார்ப்பு மேனிபோல்டும், சரியான ஆயில் லைனும், சம்ப்புக்குத் தடையில்லாமல் இறங்கும் ஆயில் திரும்பு குழாயும் இல்லாத கிட், கிட்டே அல்ல.

என் சக ஊழியரின் அனுபவம்

இவ்வளவு கண்டிப்பாக நான் பேசக் காரணம், பார்த்ததுதான். எங்கள் பிரிவில் ஓர் இளைஞர் தன் சிறிய காருக்கு இப்படியொரு கிட்டை மாட்டிக்கொண்டார். இ.சி.யு.வைத் தொடவில்லை. மூன்று வாரம் சந்தோஷமாக ஓட்டினார். ஒரு நாள் இரவு ஷிப்ட் முடிந்து இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது, புதுவாயல் தாண்டி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே சக்தி திடீரென்று போனது. பின்னால் வந்த டிரைவர் சுதாரித்துக்கொண்டதால் மூன்று பேரும் பிழைத்தார்கள். இன்ஜினைப் பிரித்தபோது ஒரு பிஸ்டனின் ஓரம் மெழுகுபோல் உருகியிருந்தது. காருக்குத் தவணை இன்னும் முடிந்திருக்கவில்லை. இரண்டு வருடம், ஓடாத காருக்குப் பணம் கட்டினார்.

கம்ப்யூட்டர் பிரியர்கள் இதை ஓவர்கிளாக்கிங்கோடு ஒப்பிடுவார்கள். 1998ல் வந்த செலிரான் 300ஏ பிராசஸரை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி மகிழ்ந்தவர்கள் ஏராளம். அது சரிப்படவில்லை என்றால் திரை நின்றுவிடும், ரீசெட் பட்டனைத் தட்டலாம். உருகிய பிஸ்டனுக்கு ரீசெட் பட்டன் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. சொல்லாமல் இன்ஜினை மாற்றிய வண்டிக்கு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணமும் கேள்விக்குறிதான். கிட் விற்பவரின் விளம்பரத்தில் இந்த வரி எங்கேயும் இருக்காது.

அப்படியானால் ஆசையே கூடாதா?

கூடாது என்று நான் சொல்லவில்லை. வேக ஆசை நம் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் பல ஆண்டுகள் கார், பைக் பந்தயம் நடந்திருக்கிறது. பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் கட்டியது. அது 1990ல் திறக்கப்பட்டது. பந்தயத்துக்கென்றே ஒரு காரை ஒதுக்கி, டிராக்கில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் டர்போ கிட் ஒரு நல்ல பாடம். அப்போது வாங்கும் வரிசை இது:

1. முதலில் டியூன் செய்யக்கூடிய இ.சி.யு., பூஸ்டைப் படிக்கும் அழுத்த சென்சார். மெகாஸ்குவர்ட், ஸ்பீடூயினோ போன்றவற்றை லேப்டாப்பில் இணைத்து டியூன் செய்யலாம்.

2. அடுத்து இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்ப்பும். மேலே சொன்ன ஒன்றரை மடங்குக் கணக்குக்கு ஈடு கொடுக்க வேண்டும்.

3. மூன்றாவது பிரேக், கிளட்ச், டயர்.

4. நான்காவதாகத்தான் டர்போ. காரெட், போர்க்வார்னர் போன்ற கம்பெனிகள் தங்கள் டர்போவுக்கு கம்ப்ரஸர் மேப் என்ற வரைபடம் வெளியிடுகின்றன. கீழே காற்றின் அளவு, பக்கத்தில் அழுத்த விகிதம். நம் கணக்கில் வந்தது நிமிடத்துக்குச் சுமார் 4.7 கிலோ, அதாவது பத்து பவுண்டுக்குச் சற்று அதிகம், அழுத்தம் 1.4. இந்தப் புள்ளி வரைபடத்தின் நடுவே விழுந்தால் அது உங்கள் டர்போ. இடது ஓரக் கோட்டுக்கு வெளியே விழுந்தால் உங்கள் இன்ஜினுக்கு அது பெரிய சைஸ். வரைபடமே தராத டர்போவை வாங்காதீர்கள்.

5. மாட்டிய பின் எரிகலவையை அளக்கும் மீட்டருடன், அனுபவமுள்ளவரிடம் டைனோவில் டியூனிங்.

இவை எல்லாவற்றையும் கூட்டினால் எண்பதாயிரம் எங்கேயோ நின்றுவிடும். ரோட்டில் தினமும் ஓட்டும் காருக்கு என் தீர்ப்பு ஒன்றுதான்: கம்பெனியே டர்போ வைத்துக் கொடுத்த காரை வாங்குங்கள். 1.2 லிட்டர் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., பலேனோ ஆர்.எஸ். இரண்டும் புதிதாக வருவது நின்றுவிட்டது, பழைய கார் சந்தையில் தேடலாம். 2021ல் வந்த ஐ20 என் லைன் 1 லிட்டரில் 120 குதிரைத் திறன் கொடுத்தது. அதைச் செய்த ஹூண்டாய் ஆலையும் இருங்காட்டுக்கோட்டையில்தான். அந்தக் கார்களில் இன்ஜின், கம்ப்யூட்டர், பிரேக் எல்லாம் ஒன்றுக்கொன்று பேசிப் பழகி வந்தவை. வாரண்டியும் இருந்தது, பதிவுச் சான்றிலும் பிரச்சினை இல்லை.

பையன் என்ன செய்தான்?

கணக்கெல்லாம் முடிந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விற்பவருக்கு ஒரு மெயில் டைப் செய்தான். மூன்றே கேள்வி: கம்ப்ரஸர் மேப் உண்டா? 0.4 பாரில் 150 எப்படி வரும்? எந்த இ.சி.யு. பெட்டியில் வருகிறது?

பதில் இரண்டு நாளில் வந்தது. "சார், உடனே புக் செய்தால் ஐந்தாயிரம் தள்ளுபடி."

அவன் புக் செய்யவில்லை. அந்த எக்ஸெல் பைலை மட்டும் சேமித்து வைத்திருக்கிறான். தன் நண்பர்கள் கிட் பற்றிப் பேசினால் அதைத் திறந்து காட்டுகிறானாம். ஓவர்டைம் பணத்தைத் தனியாகப் போட்டு வருகிறான். அடுத்த வருடம் பழைய டர்போ கார் ஒன்றைப் பார்க்க என்னையும் கூப்பிட்டிருக்கிறான். நல்ல டயர் நான்கு போட்ட ஸ்விஃப்ட் இப்போதும் பெரியபாளையம் வழியாக ஒழுங்காக வந்து போகிறது. அக்காவும் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பையன் இப்படி ஒரு பெட்டியைப் பார்த்து வைத்திருக்கலாம். திட்டாதீர்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்து, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். நான்கு வரிக் கணக்குதானே!